டெக்கொன்கின்கிரீட் மங்காவைப் பற்றி ஏன் இத்தனை சண்டை?

கேள்வி இது: தாயோ மட்சுமோட்டோவின் 'டெக்கொன்கின்கிரீட்' மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, படித்தவர்களில் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேர் கிறுக்கல் படம், ரத்தக்களறி, தெருப்பிள்ளைகளின் உண்மையான கஷ்டமே இல்லாத போலிக் கதை என்கிறார்கள். யார் சொல்வது சரி? வாங்கிப் படிக்கலாமா? வீட்டில் 13 வயதுப் பையனும் கேட்கிறான், அவனுக்குக் கொடுக்கலாமா?

பையன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். அட்டையில் இரண்டு பொடியன்கள் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் புத்தகம் என்று ஏமாந்துவிட வேண்டாம். இது 1993இலும் 1994இலும் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்ற வார இதழில் தொடராக வந்தது. வேலைக்குப் போகும் ஆண்களுக்காக ஷோகாகுகான் பதிப்பகம் நடத்தும் பத்திரிகை அது. வெறும் அடிதடி என்றால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். அடிக்கிற சிறுவனின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும், பாருங்கள், அதைப் பதின்மூன்று வயதில் தனியாக உட்கார்ந்து படிக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது. இதை வைத்து 2006இல் எடுத்த அனிமேஷன் படத்துக்கும் அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ்தான் (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாது) கிடைத்தது. மட்சுமோட்டோவையே படிக்கட்டும் என்றால் அவருடைய 'பிங்பாங்' இருக்கிறது. டேபிள் டென்னிஸ் ஆடும் பள்ளிப் பையன்களின் கதை. அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி உங்களுக்கு. கதை தெரியாமல் சண்டையைப் பற்றிப் பேச முடியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முக்கியமான திருப்பங்களும் இதில் வரும், அது பிடிக்காதவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

தகாராமாச்சி என்று ஒரு கற்பனை ஊர். பழைய கடைத்தெருக்கள், தண்டவாளங்கள், மின்கம்பிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் பெயர்ப்பலகைகள். இதில் குரோ, ஷிரோ என்று இரண்டு அநாதைப் பையன்கள். குரோ என்றால் கறுப்பு, ஷிரோ என்றால் வெள்ளை. யாரோ கைவிட்டுப் போன பழைய கார்தான் அவர்கள் வீடு. பாக்கெட் அடிப்பார்கள், வெளியூர்ப் பையன்கள் யாராவது தங்கள் எல்லைக்குள் வந்தால் அடித்துத் துரத்துவார்கள். கூரைக்குக் கூரை தாவுவதில் இயற்பியல் விதிகள் எதுவும் அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஊர்க்காரர்கள் அவர்களைப் 'பூனைகள்' என்பார்கள். மூத்தவன் குரோவுக்கு ஊரே தன்னுடையது என்ற நினைப்பு. சின்னவன் ஷிரோவுக்கு வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லை. உடுப்பு மாட்டவே தடுமாறுவான், எண்ணத் தெரியாது. ஆனால் தினமும் பூமியிலிருந்து தகவல் அனுப்பும் காவல்காரன் மாதிரி, இன்றைக்கும் ஊர் அமைதியாக இருக்கிறது என்று அறிக்கை மட்டும் தவறாமல் சொல்லிவிடுவான்.

இந்த ஊருக்குச் சுசுகி என்ற பழைய யாகுசா (ஜப்பானிய ரவுடிக் கும்பல்) ஆள் திரும்பி வருகிறார். கூடவே அவர் வளர்த்த கிமுரா. அவர்களைக் கண்காணிக்க ஃபுஜிமுரா என்ற பழம்தின்று கொட்டை போட்ட போலீஸ்காரரும், சவாதா என்ற புதுப் பையனும். இவர்களுக்கெல்லாம் மேலே ஹெபி என்று ஒருவன் வந்து சேர்கிறான். பெயருக்கு ஏற்ற பாம்பு. கடைத்தெருவை இடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கான பெரிய கேளிக்கைப் பூங்கா கட்டுவது அவன் திட்டம். குறுக்கே நிற்பவர்களைத் தீர்த்துக்கட்ட, மனிதர்கள்தானா என்றே சந்தேகம் வரும் மூன்று ராட்சதக் கொலையாளிகளை வைத்திருக்கிறான். அவர்களில் ஒருவன் ஷிரோவைக் குத்திவிட, போலீஸ் ஷிரோவைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கிறது. ஷிரோ பக்கத்தில் இல்லாத குரோ மெல்ல மெல்லப் பைத்தியத்தின் விளிம்புக்குப் போகிறான்.

சரி, இப்போது புகார்களுக்கு வருவோம். எல்லாப் புகாருக்கும் ஒரே எடை இல்லை.

படம் அசிங்கமாக இருக்கிறது என்பதைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள். அது வெறும் பழக்கக் கோளாறு என்பேன். பெரிய கண், கூரான தாடை, காற்றில் பறக்கும் தலைமுடி என்று பார்த்துப் பழகியவர்களுக்கு மட்சுமோட்டோவின் மனிதர்கள் சப்பை மூக்கும் கோணல் பல்லுமாகத் தெரிவார்கள். கட்டடங்களோ, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு ஒன்றுகூட இல்லையோ என்று தோன்றும்படி வளைந்து நெளிந்து நிற்கும். மீன்கண் லென்ஸில் பார்ப்பதுபோலத் தெரு முழுக்க ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் கை வராததால் வந்ததில்லை. மட்சுமோட்டோ இளம் வயதில் பிரான்சுக்குப் போனபோது அந்த நாட்டு காமிக்ஸில், குறிப்பாக மோபியஸின் ஓவியத்தில், சொக்கிப்போனவர். மோபியஸ் என்ற பெயர் தெரியாவிட்டாலும் தமிழில் லயன், முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கு அவருடைய கை தெரியும். கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோவும் மோபியஸும் ஒரே ஆள்தான். டைகர் கதைகளில் பாலைவனப் பாறை ஒவ்வொன்றையும் இழைத்து இழைத்துப் போட்டிருப்பாரே, அந்த இழைப்பை எடுத்து, ஜப்பானியக் கடைத்தெருவில் கொட்டி, மேலே கறுப்பு மையை வாரி இறைத்தால் தகாராமாச்சி வந்துவிடும்.

எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். ஒரு பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒரு கட்டத்தில் கம்பிமேல் காக்கை, அடுத்ததில் ஏதோ ஒரு கடைப் பலகை, அப்புறம் மறுபடியும் பேச்சு. காக்கைக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடாதீர்கள். ஊரும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். குரோ மின்கம்பத்தின் உச்சியில் குந்திக்கொண்டு கீழே பார்க்கும் காட்சி அடிக்கடி வரும். முதல் தடவை அது ஸ்டைலாகத் தெரியும். நூறு பக்கம் கழித்து, அவன் ஊரைக் காவல் காக்கிறானா, இல்லை இறங்கிப் போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறானா என்று சந்தேகம் வரும். கதையை வசனத்தை விடவும் இந்தக் கட்டங்கள்தான் நகர்த்துகின்றன. வசனத்தை மட்டும் விறுவிறுவென்று படித்துப் பக்கத்தைப் புரட்டுபவர்களுக்கு இது துண்டு துண்டாகத்தான் தெரியும்.

அடுத்தது, தெருப்பிள்ளைகள் இப்படி இருக்க மாட்டார்கள் என்ற புகார். இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொல்பவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. பசி, குளிர், சிரங்கு, காய்ச்சல், மருந்துக் கடை வாசலில் நிற்பது, இதெல்லாம் இந்த 600 பக்கச் சொச்சத்தில் அநேகமாகக் கிடையாது. பையன்கள் அழுக்காக இருக்கிறார்கள், ஆனால் சந்தோஷமாக அழுக்காக இருக்கிறார்கள். யதார்த்தம் வேண்டுபவருக்கு எரிச்சல் வருவது நியாயம்.

ஜப்பானுக்கு அந்த யதார்த்தம் தெரியாமலும் இல்லை. 1945 மார்ச் 10ஆம் தேதி அதிகாலை நடந்த ஒரே குண்டுவீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தார்கள். மற்ற ஊர்களிலும் குண்டு விழுந்தது, அப்புறம் ஹிரோஷிமா, நாகசாகி. போர் முடிந்தபோது பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். 1948இல் அரசாங்கம் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஒகினாவாவைச் சேர்க்காமலேயே, 1,23,511 அநாதைப் பிள்ளைகள். உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் போக, போக்கிடமற்றவர்கள் டோக்கியோவின் உயேனோ ரயில் நிலையத்தின் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் படுத்துக் கிடந்தார்கள். ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்கள், செய்தித்தாள் விற்றார்கள், தரையில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புதுசாகச் சுருட்டி விற்றார்கள், திருடினார்கள். அதிகாரிகள் வந்து வளைத்துப் பிடித்து லாரியில் ஏற்றி விடுதியில் விட்டால், ஓடி மறுபடி ஸ்டேஷனுக்கே வந்தார்கள். இந்தத் தலைமுறையை மங்கா வரைந்திருக்கிறது. ஹிரோஷிமா குண்டில் தகப்பனையும் கூடப்பிறந்தவர்களையும் பறிகொடுத்த கெய்ஜி நகசாவா 1973இல் தொடங்கிய 'ஹதாஷி நோ கென்' தொடரில், அநாதைப் பையன்களைக் காசுக்கும் கொலைக்கும் பயன்படுத்தும் யாகுசாக்கள் வருகிறார்கள். யதார்த்தம் வேண்டுமென்றால் அதுதான் படிக்க வேண்டிய புத்தகம்.

மட்சுமோட்டோ 1993இல் எழுதுகிறார். அப்போது டோக்கியோ ஸ்டேஷன்களில் பிள்ளைகள் அப்படி மொத்தமாகப் படுத்துக் கிடக்கவில்லை. 1947இன் குழந்தை நலச் சட்டத்துக்குப் பிறகு, பெற்றோர் இல்லாத, அல்லது இருந்தும் வளர்க்க முடியாத பிள்ளைகள் பெரும்பாலும் விடுதிகளுக்குத்தான் போனார்கள். ஆகவே குரோவும் ஷிரோவும் அந்த வருஷத்து டோக்கியோவில் எடுத்த செய்திப் படங்கள் கிடையாது. அப்படியானால் இந்த ஆள் எதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்?

என் பதில்: இது தெருப்பிள்ளைகளைப் பற்றிய புத்தகமே இல்லை, தெருவைப் பற்றிய புத்தகம். ஊர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் இதன் கேள்வி. பத்திரம் வைத்திருப்பவனுக்கா, அடித்துப் பிடித்தவனுக்கா, பழகியவனுக்கா, விலை கொடுப்பவனுக்கா? கதையில் வரும் எல்லாரும் 'இது என் ஊர்' என்கிறார்கள். குரோ சொல்கிறான், சுசுகி சொல்கிறார், ஹெபி சொல்லாமலே வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்தக் காலத்தில் அங்கே நடந்ததை வைத்துப் பார்த்தால் இது காற்றில் பிடித்த கதை இல்லை. 1980களின் கடைசியில் ஜப்பானில் நில விலை எக்கச்சக்கமாக ஏறியபோது, பழைய குடித்தனக்காரர்களைக் காலி செய்ய வைப்பதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. அந்தத் தரகர்களுக்கு 'ஜியாகெயா' என்று பெயர். மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் கிழவர் போக மாட்டேன் என்றால், நள்ளிரவில் கதவைத் தட்டுவது, வாசலில் முரட்டு ஆட்களை நிறுத்துவது, மிரட்டுவது என்று ஆரம்பிப்பார்கள். அந்த வேலைக்கு யாகுசா ஆட்கள் கூலிக்குக் கிடைத்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு பைத்தியம்: டிஸ்னிலேண்ட் 1983இல் வந்து கூட்டம் அள்ளியதைப் பார்த்து, 1987இல் உல்லாசத் தலங்களுக்கென்றே ஒரு சட்டமும் வந்து, ஊருக்கு ஊர் கேளிக்கைப் பூங்கா கட்டக் கிளம்பினார்கள். 1990இல் பங்குச்சந்தை விழுந்தது, அடுத்து நில விலையும் சரிந்தது. 1992 மார்ச்சில் யாகுசாக் குழுக்களுக்கு எதிரான புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருஷம் இந்தத் தொடர் ஆரம்பிக்கிறது. சுசுகி ஏன் அத்தனை களைத்துப்போன ரவுடியாக இருக்கிறார், கோட்டு சூட்டு போட்ட ஹெபிக்கு ஏன் அவரைக் கண்டால் பழைய மேஜை நாற்காலியைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? இன்னொரு வேடிக்கை, ஹெபி கட்டும் பூங்காவின் பெயர் 'கொதோமோ நோ ஷிரோ', பிள்ளைகளின் கோட்டை. அதே பெயரில் டோக்கியோவின் அவோயாமாவில் 1985இலிருந்து 2015 வரை நிஜமாகவே அரசாங்கத்தின் பெரிய சிறுவர் மையம் ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்காகவே கோட்டை கட்டும் திட்டத்தில், தடையாக இருக்கும் இரண்டு பிள்ளைகளைக் கொல்ல ஆள் அனுப்புகிறான் ஹெபி. மட்சுமோட்டோ இதை அழுத்திச் சொல்வதே இல்லை. போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிறார்.

இந்தக் கண்ணோடு படித்தால் புத்தகத்தின் நடுப்பகுதிதான் அதன் உயிர் என்று தெரியும். ரசிகர்கள் குரோவின் சண்டைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்தப் புத்தகம் என்றால் சுசுகியும் கிமுராவும்தான். சுசுகி ஊர் சுற்றுகிறார். பழைய தெருவும், தன் வாலிபத்தில் போய்க்கொண்டிருந்த மட்டமான ஆட்டக் கொட்டகையும் எல்லாம் போகப்போகிறதே என்று புலம்புகிறார். ஒரு ரவுடி அதுக்காக வருத்தப்படுவது சிரிப்பாகவும் இருக்கிறது, சிரிக்கவும் முடியவில்லை. ஃபுஜிமுராவும் அவரும் எதிரெதிர்க் கட்சி என்றாலும் ஒரே ஊரில் வயதானவர்கள், அவர்கள் பேச்சில் அந்தப் பழக்கம் தெரியும். கிமுராவின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. ஹெபி அவனிடம், உன் பெரியவரை நீயே சுட்டுவிடு என்கிறான். கிமுரா வருகிறான். எதற்கு வந்திருக்கிறான் என்று சுசுகிக்குத் தெரியும். அவர் ஓடவில்லை, கெஞ்சவில்லை, திட்டவுமில்லை. தகப்பன் ஆகப்போகிற ஒருவனிடம் ஒரு பெரியவர் என்ன பேசுவாரோ அதைப் பேசுகிறார். இரண்டு ஆம்பிளைகள் பேசிக்கொண்டே இருக்க, நாம் பக்கத்தைத் திருப்பப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். வன்முறைக் கதை என்று இதை ஒதுக்குகிறவர்களிடம் அந்த அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன்.

வன்முறை பற்றிய புகாருக்கு வந்துவிட்டோம். ரத்தம் அதிகம் என்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை, மங்காவில் இதைவிட மோசமாக எத்தனையோ இருக்கிறது. கஷ்டமான விஷயம், அடி வாங்குவதும் கொடுப்பதும் பிள்ளைகள் என்பது. ஜப்பானிலேயே இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது, ஆனால் இந்தப் புத்தகத்தை வைத்து இல்லை. மேலே சொன்ன 'ஹதாஷி நோ கென்' புத்தகத்தை 2012இல் மட்சுயே நகரக் கல்வி வாரியம் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி உள்ளே வைக்கச் சொன்னது. காட்சிகள் கொடூரமாக இருக்கின்றன என்பது சொன்ன காரணம். எதிர்ப்பு கிளம்பி 2013 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. நகசாவாவின் கொடூரத்துக்கு நடந்தது என்ற பலம் இருக்கிறது. மட்சுமோட்டோவுக்கு அந்தப் பலம் கிடையாது, அவருடைய அடிதடி அழகாக வேறு இருக்கிறது. குரோ குழாயும் கையுமாகப் பாயும் பக்கங்களை ரசிக்காமல் இருக்க முடியாது, ரசித்த பிறகு கூச்சமாகவும் இருக்கும். அந்தக் கூச்சத்தை அவர் வேண்டுமென்றே உண்டாக்குகிறார் என்பது ஆதரவாளர்கள் வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன். கடைசித் தொகுதியில் குரோவின் வெறியை அவர் எந்த இனிப்பும் தடவாமல் காட்டுகிறார். ஆனால் முதல் தொகுதியில் சும்மா கைதட்டலுக்காகப் போட்ட சண்டைகளும் இருக்கின்றன, அதையும் தத்துவமாக்கிக் காப்பாற்ற வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதைச் சொல்பவர்கள் குறைவு. ஷிரோ. அறிவு வளர்ச்சி குறைந்த ஒரு பிள்ளையைக் கபடமற்ற தெய்வக் குழந்தையாக வைத்து, இன்னொருவனை நல்வழிக்குக் கொண்டுவரும் மருந்தாகப் பயன்படுத்துவது. ஷிரோவே ஒரு இடத்தில் சொல்கிறான்: குரோவின் மனசுக்கு வேண்டிய திருகாணிகள் பல இல்லை, தனக்கும் நிறைய இல்லை, ஆனால் குரோவுக்கு இல்லாததெல்லாம் தன்னிடம் இருக்கிறது என்ற பொருளில். படித்தவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டும் இடம், கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் இடம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு வாழ்க்கை வேண்டாமா என்ற கேள்வி வருகிறது. காவலில் இருக்கும்போது சவாதாவும் அவனும் பழகும் பகுதியில்தான் ஷிரோ கொஞ்சம் தனி ஆளாகிறான். அங்கே அவன் யாருக்கும் பாதிப் பங்கு கிடையாது. கொண்டுவந்து விட்ட இடத்தில் படம் வரைந்துகொண்டும், அடம்பிடித்துக்கொண்டும், அண்ணனை நினைத்துக்கொண்டும் இருக்கிற ஒரு சின்னப் பையன், அவ்வளவுதான். எப்படிப் பேசுவது என்று தெரியாமல் அவனோடு உட்கார்ந்திருக்கும் சவாதாவின் முகமும் நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பகுதியை இன்னும் நீட்டியிருந்தால் இந்தக் குறை பாதி தீர்ந்திருக்கும்.

பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிமுராவின் மனைவியைத் தவிர நினைவில் நிற்கும் பெண் யாருமில்லை, அவளும் வயிற்றுப் பிள்ளையோடு காத்திருப்பதற்காகவே கதையில் இருக்கிறாள். இந்தக் குறையை யார் சொன்னாலும் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

முடிவு புரியவில்லை என்பவர்களுக்கு: குரோவுக்குள் இருக்கும் இருட்டு 'இதாச்சி' என்ற உருவமாக எழுந்து வந்து அவனை இழுக்கிறது. அதுவரை தெருவில் நடந்த கதை திடீரென்று ஒருவனுடைய மண்டைக்குள் நடக்க ஆரம்பிக்கிறது. ஓவியம் என்று பார்த்தால் புத்தகத்தின் உச்சம் அந்தப் பக்கங்கள், கறுப்பு மை அப்படிப் பொங்கியிருக்கும். கதை என்று பார்த்தால் ஊரின் பிரச்சினையை அம்போ என்று விட்டுவிட்டு ஒரு பையனின் உள்மனத்துக்குத் தாவிவிடுகிறார். ஹெபியின் பூங்காவும் அந்தக் கடைத்தெருவும் என்னவாகும் என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு நியாயமான பதில் கிடைப்பதில்லை. இதை வரைந்தபோது மட்சுமோட்டோவுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. அந்த வேகமும் தெரிகிறது, அந்த அவசரமும் தெரிகிறது.

இந்த நாட்களில் புதிதாகப் படிப்பவர்கள் வேறு ஒரு கோணத்தைக் கொண்டுவருகிறார்கள். டோக்கியோவில் ஷின்ஜுகுவின் கபுகிச்சோ என்ற கேளிக்கைப் பகுதியில் 2015இல் வந்த தோஹோ சினிமாக் கட்டடத்தை ஒட்டி, வீட்டை விட்டு வந்த பதின்வயதுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். செய்திகளில் 'தோயொகோ கிட்ஸ்' என்று அவர்களைப் பற்றி வருகிறது. போர் அநாதைகளைப் போல இவர்களுக்கு அப்பா அம்மா இல்லாமலில்லை. வீட்டில் இருக்க முடியாததால் வந்தவர்கள் நிறையப் பேர். மட்சுமோட்டோ முன்கூட்டியே சொன்னார் என்று இவர்களோடு குரோவையும் ஷிரோவையும் முடிச்சுப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குரோ சண்டை போடுவது ஊரை வைத்துக்கொள்ள. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த இடம் ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. அதோடு அங்கே பெண்பிள்ளைகளை வளைக்கச் சுற்றும் ஆட்களின் ஆபத்து பெரிய விஷயம், இந்தப் புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை.

கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மட்சுமோட்டோ எழுதியதிலேயே எது நல்லது என்று கேட்டால், நான் 'டெக்கொன்கின்கிரீட்'டைச் சொல்ல மாட்டேன், 'சன்னி'யைச் சொல்வேன். 2010இல் தொடங்கி 2015இல் முடிந்த ஆறு தொகுதிகள். 1970களில் ஒரு சிறுவர் விடுதி, அங்கே பெற்றோர் இருந்தும் கூட்டிப்போக வராத பிள்ளைகள். மட்சுமோட்டோவே சிறு வயதில் அப்படி ஒரு விடுதியில் வளர்ந்தவர், அந்த அனுபவத்திலிருந்துதான் இதை வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். விடுதி முற்றத்தில் ஓடாத பழைய நிசான் சன்னி கார் ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போகிறார்கள். குரோவும் ஷிரோவும் வாழ்ந்த காரும் நினைவுக்கு வரும். இரண்டு புத்தகத்திலும் பெரியவர்கள் கைவிட்ட வண்டியைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவதில் அதிலிருந்து கூரைக்குத் தாவுகிறார்கள், இரண்டாவதில் தாவல் கிடையாது, சாப்பாட்டு மணி அடித்தால் இறங்கி உள்ளே போக வேண்டியதுதான். அதில் ஹருவோ என்ற வெள்ளை முடிப் பையன், பார்த்தால் முரடன், ஒரு நிவியா கிரீம் டப்பாவை வைத்திருப்பான். அவ்வப்போது திறந்து மோந்து பார்ப்பான். அது அவன் அம்மாவின் வாசனை. யதார்த்தம் இல்லை என்று முதல் புத்தகத்தின் மேல் கோபப்பட்டவர்கள் இந்த ஒரு டப்பாவிலேயே சமாதானமாகிவிடுவார்கள்.

புத்தகம் முதலிலா, அனிமேஷன் படம் முதலிலா என்று பலர் கேட்பார்கள். மைக்கேல் ஆரியாஸ் இயக்கி ஸ்டூடியோ 4°சி எடுத்த படம் நல்ல படம், 2008இல் ஜப்பானிய அகாடமியின் அனிமேஷன் விருது வாங்கியது. ஷின்ஜி கிமுராவின் கலை இயக்கத்தில் வந்த பின்னணி ஓவியங்களை ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனாலும் புத்தகம்தான் முதலில். படம் அந்த ஊருக்கு வண்ணம் பூசி எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் தேடித் தேடிக் கண்டுபிடிக்கும் சுகம் போய்விடும். மூன்று தொகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து 2007இல் விஸ் நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்புக்கு மறுவருஷம் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது கிடைத்தது. எங்கேயாவது கிடைத்தால் அதையே எடுங்கள், அளவு பெரிதாக இருப்பதால் பலகை எழுத்துகள்கூடத் தெரியும். ஐம்பதாவது பக்கத்தில் அலுப்புத் தட்டினால் மூடி வைக்காமல் சுசுகி ஊருக்குள் வரும் வரைக்கும் போய்ப் பாருங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் மேலே படிக்க வேண்டாம், நேராக 'சன்னி'க்குப் போய்விடலாம்.